ஏழு மாத பாக்கியும் பதினெட்டு மெஷின்களும்

திருப்பூர் மாவட்டம் அவிநாசி வட்டாரத்திலிருந்து ஒரு வாசகி ஆறு பக்கத்துக்கு எழுதியிருக்கும் கடிதத்தின் சாரம் இது. அவரும் கணவரும் ஒன்பது ஆண்டுகளாக, வாடகைக் கட்டடம் ஒன்றில் 18 மெஷின்களுடன் பவர் டேபிள் யூனிட், அதாவது கூலிக்குத் தைத்துத் தரும் தையலகம், நடத்துகிறார்கள். 18 டெய்லர்களும் 5 உதவியாளர்களும் வேலை செய்கிறார்கள். ஒரே ஓர் ஏற்றுமதி நிறுவனம் வெட்டிய துணியைக் கொடுக்க, இவர்கள் டி-ஷர்ட் தைத்துத் திருப்பித் தருகிறார்கள். ஒரு பீஸுக்கு 22 ரூபாய் கூலி. அமெரிக்கா வரியை உயர்த்தியபின் வரும் வேலை பாதியாகிவிட்டது. வடமாநிலத் தொழிலாளர்களில் சிலர் ஊருக்குப் போனவர்கள் திரும்பவில்லை. ஏழு மாதங்களாக வர வேண்டிய கூலி 9.6 லட்சம் ரூபாய் நிலுவையில் நிற்கிறது. அதில் 2.1 லட்சத்தை 'டேமேஜ்' என்று பிடித்துக்கொள்ளப் போவதாக மேலாளர் வாய்வார்த்தையாகச் சொல்லியிருக்கிறார். சம்பளம் கொடுப்பதற்காக 4 லட்சம் ரூபாயை மூன்று ரூபாய் வட்டிக்கு வாங்கியிருக்கிறார்கள். மெஷின்களை விற்றுவிட்டு ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராகப் போய்விடலாம் என்கிறார் கணவர். மனைவி பெயரிலுள்ள வீட்டை வைத்து 15 லட்சம் வாங்கிச் சொந்த பிராண்ட் தொடங்கலாம், அரசு மானியமும் கிடைக்கும் என்கிறார் கொழுந்தனார். "இந்த மாவட்டத்தில் எங்களைப் போன்ற சிறியவர்களுக்கு இனி இடம் உண்டா?" என்பது வாசகியின் கேள்வி.

அன்புள்ள சகோதரிக்கு,

ஒரு கணக்கருக்கு எழுதும் கடிதத்தில் எண்களை மறைக்காமல் எழுதுவதற்கே ஒரு துணிவு வேண்டும். நீங்கள் கூலி, வாடகை, மின்கட்டணம், நூல் செலவு என ஒவ்வொன்றையும் எழுதியிருப்பதால்தான் என்னால் பொதுவான ஆறுதலுக்கு அப்பால் ஏதாவது சொல்ல முடிகிறது. மாவட்டத்தின் எதிர்காலம், உங்கள் யூனிட்டின் எதிர்காலம் என்று உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. இரண்டுக்கும் விடை ஒன்றாக இருக்கும் என்று நீங்கள் எண்ணியிருப்பதில்தான் நான் முதலில் மாறுபடுகிறேன்.

மாவட்டத்தைப் பற்றி

2025 ஆகஸ்ட் 7-இல் 25 சதவீதமாகவும், அதே மாதம் 27-ஆம் தேதி முதல் 50 சதவீதமாகவும் அமெரிக்கா விதித்த கூடுதல் வரி திருப்பூரை நேரடியாகத் தாக்கியது என்பதில் ஐயமில்லை. ஏனெனில் இங்கிருந்து ஏற்றுமதியாகும் பின்னலாடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அந்த ஒரு நாட்டுக்கே போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் 2024–25 நிதியாண்டில் சுமார் 40,000 கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி செய்த ஓர் ஊர், ஒரு வாடிக்கையாளரின் வரியால் அழிந்துவிடாது. வேறு சந்தைகள் திறக்கின்றன. பிரிட்டனுடன் 2025 ஜூலை 24-இல் கையெழுத்தான ஒப்பந்தம், நம் ஆடைகள் மீது அந்நாடு விதித்துவந்த, 12 சதவீதம் வரையிலான வரியை நீக்க வகை செய்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துடனான பேச்சும் 2026 ஜனவரி இறுதியில் முடிவுக்கு வந்தது. கையெழுத்து ஒரு நாளில் நடக்கும்; நடைமுறைக்கு வந்து, அங்குள்ள கடைக்காரர் ஆர்டரை வங்கதேசத்திலிருந்து இங்கே திருப்பி, அந்த ஆர்டர் உங்கள் யூனிட்டின் வாசலுக்கு வந்துசேர இரண்டு மூன்று சீசன் பிடிக்கும். "வரி குறைந்ததும் எல்லாம் சரியாகிவிடும்" என்று ஏற்றுமதி நிறுவனத்தின் மேலாளர் சொல்வதை அந்த அளவிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

இதைவிடப் பெரிய அடியை இந்த ஊர் கண்டிருக்கிறது. நொய்யலில் சாயக்கழிவு கலந்த வழக்கில், 2011 ஜனவரி 28-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது, திருப்பூரின் கதை முடிந்தது என்றே பலரும் பேசினார்கள். ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைக் கட்டிக்கொண்டு ஊர் எழுந்தது. ஆனால் எழுந்தது ஊர்தான். எல்லாப் பட்டறைகளும் அல்ல. கூட்டுச் செலவில் பங்கெடுக்க முடிந்த பட்டறைகள் நின்றன, தனியாக நின்ற சிறிய பட்டறைகள் பல மறைந்துபோயின. மாவட்டத்தின் ஏற்றுமதி எண்ணைக் காட்டி உங்களுக்கு நம்பிக்கையூட்ட எனக்கு மனம் வராததற்கு இதுவே காரணம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2009-இல் கோவை, ஈரோடு மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து உருவாக்கப்பட்ட இந்த மாவட்டம் பனியனை மட்டும் நம்பியதல்ல. பல்லடத்தில் விசைத்தறியும் கறிக்கோழியும், காங்கேயத்தில் கொப்பரையும் எண்ணெய் ஆலைகளும் அரிசி ஆலைகளும், ஊத்துக்குளியில் வெண்ணெயும், அனுப்பர்பாளையத்தில் பாத்திரமும், மூலனூர்ப் பக்கம் முருங்கையும், உடுமலை, தாராபுரம் பக்கம் காற்றாலைகளும் இருக்கின்றன. தொழிலை மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்ல இதைச் சொல்லவில்லை. கொப்பரை விலை எகிறிய 2025-இல் எண்ணெய் ஆலைக்காரர்கள் பட்ட பாடு உங்கள் பாட்டுக்குக் குறைந்ததல்ல. இந்த ஆலைகள், பண்ணைகள், பள்ளிகள் எல்லாவற்றுக்கும் தைத்த துணி வேண்டும் என்பதையே சொல்ல வருகிறேன். அதற்குப் பிறகு வருகிறேன்.

ஒரு பீஸின் கணக்கு

வரி வரும்வரை தொழில் நல்ல லாபத்தில் ஓடியது என்று எழுதியிருக்கிறீர்கள். நாளொன்றுக்கு 800 பீஸ் ஓடிய காலத்தின் உங்கள் எண்களையே எடுத்துக்கொள்வோம். வரவு 17,600 ரூபாய். டெய்லருக்கு ஷிப்டுக்கு 600, உதவியாளருக்கு 420 என்ற கணக்கில் கூலி 12,900. 22,000 ரூபாய் மாத வாடகையை 26 வேலை நாட்களுக்குப் பிரித்தால் ஏறத்தாழ 850. மின்சாரமும் நூலும் ஊசியும் 1,100. ஆக 14,850 போக மீதி 2,750 ரூபாய் என்று நீங்கள் கணக்கிட்டிருக்கிறீர்கள்.

இதில் இரண்டு வரிகள் விட்டுப்போயிருக்கின்றன. பத்துப் பேர் வேலை செய்தால் இ.எஸ்.ஐ.யும், இருபது பேரானால் பி.எஃப்.பும் பொருந்தும், உங்களிடம் 23 பேர். முதலாளி செலுத்த வேண்டிய பங்கு மட்டும் கூலியில் சுமார் 16 சதவீதம், அதாவது நாளொன்றுக்கு 2,100 ரூபாய். இதை நீங்கள் கட்டுகிறீர்களா என்பது கடிதத்தில் இல்லை. கட்டாமலிருந்தால் அது லாபமாகத் தெரியும் கடன், வட்டியோடும் அபராதத்தோடும் பின்னால் வரும். மீதி 650 ரூபாய். அடுத்து, மூன்று ரூபாய் வட்டி என்பது ஆண்டுக்கு 36 சதவீதம். 4 லட்சத்துக்கு மாதம் 12,000, வேலை நாளுக்கு 460. அதையும் கழித்தால் நிற்பது 190 ரூபாய். நீங்களும் உங்கள் கணவரும் நாள் முழுதும் நின்று பார்க்கும் வேலைக்கு இந்தக் கணக்கில் ஒரு ரூபாய்கூடக் கூலி போடவில்லை.

ஆகவே, சகோதரி, உங்கள் யூனிட்டை அமெரிக்க வரி நோய்க்குள்ளாக்கவில்லை. இருந்த நோயை வெளியே காட்டிவிட்டது. விலையை ஒருவரே வைக்க, பணத்தையும் அவரே நினைத்தபோது தர, அவருடைய தாமதத்துக்கு நீங்கள் வட்டி கட்டும் ஏற்பாடு இது. ஆர்டர் 800-லிருந்து 700-ஆகக் குறைந்தாலே அன்றைய வரவு 15,400. செலவு அப்படியே நின்றால் வட்டிக்கு முன்னரே 1,550 ரூபாய் கைநஷ்டம். எந்த முடிவுக்கு முன்னரும் இந்தக் கணக்கைக் கணவரும் நீங்களும் உட்கார்ந்து ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

பாக்கியைப் பற்றி

எழுத்தில் ஒப்பந்தம் போடவில்லை, ஆகவே சட்டம் உதவாது என்று நினைக்கிறீர்கள். உண்மை இதற்கு நேர்மாறானது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் சரக்கையோ சேவையையோ ஏற்றுக்கொண்ட 15 நாட்களுக்குள் வாங்கியவர் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் தவணை 45 நாட்களைத் தாண்டக் கூடாது. பிறர் துணியைக் கூலிக்குத் தைத்துத் தரும் ஜாப் ஒர்க்கும் சேவையாக இதில் அடங்கும். தாண்டினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாக ஏறும். வங்கி விகிதம் 5.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் அது 16.5 சதவீதம். 9.6 லட்சம் முழுவதும் தவணை கடந்த நிலையில், கூட்டு வட்டியை விட்டுவிட்டாலும் மாதம் 13,200 ரூபாய் ஆகிறது. நீங்கள் வெளியே கட்டும் 12,000-ஐ விட இது கூடுதல் என்பதைக் கவனித்தீர்களா?

டேமேஜ் என்று பிடிக்கும் 2.1 லட்சத்துக்கும் இதே சட்டத்தில் விடை இருக்கிறது. சரக்கு கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால், அதை ஏற்றுக்கொண்டதாகவே கொள்ளப்படும். ஏழு மாதம் கழித்து வாயால் சொல்வது ஆட்சேபமாகாது. ஆனால் வாட்ஸ்அப்பில் யாராவது அப்போதே புகைப்படத்துடன் குறை சொல்லியிருந்தால் நிலைமை வேறு. அதை மறைக்காமல் தேடி எடுத்து வையுங்கள்.

குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது போதும் என்று எண்ணிவிடாதீர்கள். சான்றிதழை எடுத்து இரண்டு இடங்களைப் பாருங்கள். முதலாவது, தொழிலின் வகை. கணினி மையத்தில் பதிவு செய்பவர்கள் அவசரத்தில் 'வணிகம்' என்று தேர்ந்தெடுத்துவிடுவதை என் மேசையில் பலமுறை பார்த்திருக்கிறேன். வணிகர்களுக்கு வங்கிக் கடன் முன்னுரிமை உண்டே தவிர இந்தத் தாமதப் பணப் பாதுகாப்பு இல்லை. உற்பத்தி அல்லது சேவை என்று இருக்க வேண்டும். இரண்டாவது, பதிவான தேதி. பதிவுக்குப் பிந்தைய வேலைகளுக்கே சட்டத்தின் பலன் என்று உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபர் 31-இல் தீர்ப்பளித்தது. இதைச் சார்ந்த கேள்வி 2025 ஜனவரியில் பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டிருக்கிறது. ஏழு மாத பில்களுக்கும் முந்தைய தேதி என்றால் உங்களுக்குச் சிக்கலில்லை.

புகார் கொடுத்தால் இருக்கும் பாதி ஆர்டரும் போய்விடுமே என்ற உங்கள் அச்சத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அது நடக்கக்கூடியதுதான். அதனால்தான் நேரே புகாருக்குப் போகாமல், முதலில் பில்வாரியாக ஒரு கணக்கு அறிக்கையை, உத்யம் எண்ணுடன், பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பி, பாக்கியை உறுதிசெய்யக் கேளுங்கள். கடிதம் மரியாதையாக இருக்கட்டும். வட்டி பற்றிய ஒரு வரி மட்டும் போதும். அது நிறுவனத்தின் ஆடிட்டர் கண்ணில் பட வேண்டும் என்பதே நோக்கம், ஏனெனில் அவருக்குத் தெரிந்த இரண்டு விதிகள் உங்கள் பக்கம் பேசும். குறு, சிறு நிறுவனங்களுக்குத் தவணைக்குள் கொடுக்காத தொகையை, கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் கழிக்க முடியும் என்பது 2023–24 நிதியாண்டிலிருந்து வருமான வரியில் உள்ள விதி. (இதனால் அவர்களுக்கு அபராதம் விழும் என்று ஒரு பேச்சு உலவுகிறது, அப்படியில்லை, கழிவு தள்ளிப்போகும், அவ்வளவே. அதுவே மார்ச் மாதத்தில் பலருடைய கையை அசைத்திருக்கிறது.) மற்றொன்று ஜி.எஸ்.டி.: பில் தேதியிலிருந்து 180 நாட்களுக்குள் உங்களுக்குப் பணம் தராவிட்டால், அந்த பில்லில் உள்ள வரிக்காக எடுத்த கழிவை (உள்ளீட்டு வரி) அவர்கள் வட்டியுடன் அரசுக்குத் திருப்ப வேண்டும். உங்கள் பழைய பில்கள் அந்த எல்லையைத் தாண்டிவிட்டன. நீங்களோ வராத பணத்துக்கு 5 சதவீத வரியை அன்றே கட்டிவிட்டீர்கள்.

முப்பது நாட்களில் அசைவில்லையென்றால், அரசின் இணையதளம் வழியே, இத்தகைய பாக்கிகளுக்கென உள்ள வசதியாக்க மன்றத்துக்குப் போகலாம். மாவட்டத் தொழில் மையம் வழிகாட்டும். முதலில் சமரசம், பிறகு நடுவர் தீர்ப்பு. சட்டம் 90 நாட்கள் என்கிறது. நடைமுறையில் அதைவிட நீளும் என்று எதிர்பாருங்கள். தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் போக வாங்கியவர் 75 சதவீதத்தை முன்னரே கட்ட வேண்டும் என்பதால், பல வழக்குகள் சமரசத்திலேயே முடிகின்றன. அந்த ஆர்டர் முழுதாக ஓடியபோதே நாளொன்றுக்கு 190 ரூபாய்தான் மிஞ்சியது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

கொழுந்தனார் சொல்லும் வழி

அவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார் என்று நம்புகிறேன். ஆனால் அவர் சொல்லும் மானியம் உங்களுக்குக் கிடைக்காது. தமிழக அரசின் நீட்ஸ், மத்திய அரசின் பி.எம்.இ.ஜி.பி. ஆகிய மானியக் கடன் திட்டங்கள் இரண்டும் அடிப்படையில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கானவை. ஓடுகிற யூனிட்டின் பழைய மெஷின்களை வைத்து வேறு பெயரில் 'புதிய' யூனிட் காட்டுவது மானியத்தைத் திரும்பக் கட்டும் நிலைக்கும் அதைவிட மோசமான நிலைக்கும் கொண்டுபோகும். முத்ரா கடனின் உச்சவரம்பு 20 லட்சமாகிவிட்டது என்பதும் பாதி உண்மை: முன்பு அதில் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையிலான கடனை வாங்கி ஒழுங்காக அடைத்தவர்களுக்கே அந்த 20 லட்சம். பிணையில்லாக் கடனுக்கான அரசு உத்தரவாதம் வங்கியைக் காப்பதற்கானது. உங்கள் கடனை யாரும் தள்ளுபடி செய்வதில்லை.

பிராண்ட் என்பது தையலைவிட வேறு தொழில். துணி, சாயம், பிரிண்டிங் எல்லாவற்றுக்கும் உங்கள் பணம் முன்னே போக வேண்டும். இணையத்தில் விற்றால் திரும்பி வரும் சரக்கு, விளம்பரச் செலவு, விற்காமல் தங்கும் சைஸ்கள் என்று மூன்று ஓட்டைகள். 2,500 ரூபாய் வரையிலான ஆடைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம் என்று 2025 செப்டம்பர் 22 முதல் எளிதானது உண்மைதான், ஆனால் அது உங்கள் போட்டியாளருக்கும் எளிதாகியிருக்கிறது. காதர்பேட்டை மொத்தச் சந்தையில் ஒரு நாள் முழுக்க நடந்து, நீங்கள் தைக்கும் தரத்தில் டி-ஷர்ட் என்ன மொத்த விலைக்குப் போகிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். அதற்குப் பிறகும் வீட்டை வைக்கத் தோன்றினால் மறுபடியும் எழுதுங்கள்.

நான் யோசித்த வழி இதைவிடச் சிறியது. பத்து மெஷின்களை மட்டும் ஓட்டுங்கள். மின் இணைப்பின் அனுமதிக்கப்பட்ட சுமையைக் குறைக்க விண்ணப்பித்தால், சும்மா நிற்கும் மெஷின்களுக்கு நிலைக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. ஆட்கள் இருபதுக்குக் கீழே இறங்கினாலும், ஒருமுறை பொருந்திய பி.எஃப். நீங்காது, அதையும் கணக்கில் சேர்த்தே பீஸ் விலையைப் பேசுங்கள். ஏற்றுமதி வேலையைப் பாதிக்கு மேல் வைத்துக்கொள்ளாமல், மீதியை உள்ளூர் வேலைக்கு ஒதுக்குங்கள். பள்ளிகளின் விளையாட்டுச் சீருடை ஜூனுக்கு முன், ஜனவரியிலிருந்தே பேசி முடிக்கப்படுகிறது. பல்லடத்துக் கோழி நிறுவனங்களும் காங்கேயத்து ஆலைகளும் தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது டி-ஷர்ட் வாங்குகின்றன. எண்ணிக்கை சிறியது, முன்பணம் கேட்டால் கொடுப்பார்கள், விலையில் பேச இடமுண்டு. உங்கள் தெருவிலேயே உங்களைப் போல் ஆறு யூனிட்கள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பெரிய ஆர்டர் வந்தால் பிரித்துத் தைக்கவும், செக்கிங்கையும் அயர்னிங்கையும் ஓரிடத்தில் வைத்துக்கொள்ளவும் அவர்களோடு பேசிப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு இதை ஓட்டி, நீங்கள் இருவரும் ஆளுக்கு ஒரு டெய்லர் கூலியாவது எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையென்றால் உங்கள் கணவர் சொல்வதே சரி.

மூடுவதென்றால்

மூடுவது தோல்வியல்ல, ஆனால் அது உங்கள் கணவர் நினைப்பதுபோல் மெஷினை விற்றுக் கையைத் துடைத்துக்கொள்வதும் அல்ல. ஐந்தாண்டு முடித்த ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 15 நாள் கூலி வீதம் பணிக்கொடை உண்டு. ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தவர்களுக்கு முன்னறிவிப்பும் இழப்பீடும் உண்டு. ஒன்பது ஆண்டாக உங்களோடு இருப்பதாக நீங்கள் எழுதியிருக்கும் நால்வரின் கணக்கை முதலில் எழுதுங்கள். பாக்கியை வசூலிப்பதற்கு முன் மூடினால், கேட்கும் வலுவும் குறையும்; பூட்டிய யூனிட்டுக்கு யாரும் அவசரமாகப் பணம் தருவதில்லை.

கடைசியாக, உங்கள் கடிதத்தின் ஓரத்தில் நெருக்கி எழுதியிருந்த ஒரு வரி. வீட்டின் அசல் பத்திரத்தை ஒரு பைனான்ஸியரிடம் "சும்மா காட்டுவதற்காக" கொழுந்தனார் வாங்கிப் போய் இரண்டு வாரமாகிறது என்கிறீர்கள். அரசு அறிவிக்கை செய்த ஊர்களில், கடனுக்கு ஈடாக அசல் பத்திரத்தை ஒப்படைத்தாலே சட்டப்படி அடமானம் ஆகிவிடும். எந்த நோக்கத்தில் கொடுத்தோம் என்பதை நீதிமன்றத்தில் நிரூபிக்கும் பாடு பிறகு உங்களுடையது. காட்டுவதற்கு நகல் போதும். மேலே சொன்ன எதையும் தொடங்குமுன், இந்த வாரமே, நீங்களே நேரில் போய்ப் பத்திரத்தை வாங்கி வந்துவிடுங்கள். எந்தத் தாளிலும், நிரப்பாத எந்தக் காசோலையிலும் கையெழுத்துப் போட்டிருந்தால் அதையும் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் அன்றைக்கே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.